லார்கின் செய்யாத கைப்பிடி

செய்தி வந்தபோது என் முன்னால் ஒருவர் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தார். வரவேற்பு மேசையிலிருந்த பெண் தொலைபேசியைக் கொண்டுவந்து என் காதருகே பிடித்தார். டாக்டர் வசந்தாமணியின் மகள் நித்யா பேசினாள். "அங்கிள், அம்மா போயிட்டாங்க. ஸ்ட்ரோக். இப்பதான், ஹாஸ்பிட்டல்ல." வருகிறேன் என்றேன். தோண்டிய பல்லை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோக முடியாது. அடைத்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அவராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். அடுத்த அறையில் அவருடைய நாற்காலிக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலையில் வந்து எல்லாவற்றையும் எடுத்துவைத்தவர், தலைவலி என்று வீட்டுக்குப் போயிருந்தார்.

இந்த மலரை வாசிப்பவர்களில் பெரும்பாலோருக்கு அவரைத் தெரியும். உங்கள் பெற்றோர் விசிட்டர் விசாவில் வந்து, இன்ஷூரன்ஸ் இல்லாமல், கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை கிளினிக்கைத் திறந்தவர் அவர். சன்னிவேலில், எல் கமீனோ ரியல் சாலையில், மளிகைக் கடைக்கு மேல்மாடியில் நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்திய கிளினிக் அது. இருவரும் மெட்ராஸில் பல் மருத்துவம் படித்தவர்கள். அவர் கோயம்புத்தூர்க்காரர், இருபது வருட அமெரிக்காவும் அவர் பேச்சிலிருந்து ஒரு ‘ங்க’வைக்கூடக் கழற்றவில்லை.

இரங்கல் கூட்டத்தில் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிச் சொன்னார்கள். அவர் செய்யும் அரிசிம்பருப்புச் சாதத்தைப் பற்றிச் சொன்னார்கள். பொறுமைசாலி என்று ஏறக்குறைய எல்லோரும் சொன்னார்கள். சனிக்கிழமைகளைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. சனிக்கிழமைதோறும் அவர் மலைச்சரிவில் உள்ள ஒரு துப்பாக்கிக் கழகத்துக்குப் போய் இலக்குச் சுடுவார். நன்றாகச் சுடுவார். நான் எழுந்து இதைச் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்தில், கூட்டத்தை நடத்தியவர் அருகே வந்து, "சார், குழந்தைங்கல்லாம் இருக்காங்க, கன் மேட்டர் இப்ப வேண்டாமே" என்று காதோடு சொல்லிவிட்டு, மைக்கைச் சரிசெய்வதுபோல் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பஜனை ஆரம்பமாயிற்று.

பள்ளிக்கூடங்களில் நடக்கும் துப்பாக்கிச் சூடுகளைத் தொலைக்காட்சியில் பார்க்கும் ஊரில் அவருடைய தயக்கம் எனக்குப் புரியாததல்ல. ஆனால் வசந்தாமணியின் வாழ்க்கையிலிருந்து அத்தனை சனிக்கிழமைகளையும் வெட்டியெடுக்கும் உரிமை அந்தத் தயக்கத்துக்கு இல்லை. அவர் கையால் செய்த மிகச் சிறந்த பொருள் அந்தச் சனிக்கிழமைகளில்தான் இருக்கிறது. அதைச் செய்தவர் வேறொருவர் என்று ஒரு கண்ணாடிப் பெட்டியில் எழுதிவைத்திருந்தார்கள். அதனால் எழுதுகிறேன்.

அது ஃப்ராங்க் என்ற முதியவரிடமிருந்து தொடங்கியது. வசந்தாமணியிடம் பல்செட் கட்டிக்கொண்டவர். பெயர் நீளம் என்று அவரை ‘டாக்டர் மணி’ என்று அழைப்பார். ஒருநாள் பல்செட்டைச் சோதிக்க வந்தவர், "டாக்டர் மணி, என் வாயில் நிற்கிற மாதிரி ஒன்று செய்துவிட்டீர்கள். கையில் நிற்கிற மாதிரி ஒன்று செய்ய முடியுமா?" என்று கேட்டார். அவரிடம் இரண்டாம் உலகப் போருக்கு முந்திய காலத்து ரிவால்வர் ஒன்று இருந்தது. இலக்குச் சுடுவதற்கென்றே செய்யப்பட்டது. மூட்டுவாதம் அவர் விரல்களைக் கோணலாக்கியிருந்தது. மோதிர விரல் உள்பக்கமாக மடிந்து, நிமிர மறுத்தது. கடையில் வாங்கிய எந்த மரக் கைப்பிடியும் அந்தக் கைக்குள் அமரவில்லை.

நோயாளி போன பிறகு நான் சிரித்தேன். வசந்தாமணி சிரிக்கவில்லை. "புடிச்சுப் பாக்காம எப்படிங்க செய்யறது?" என்றுதான் கேட்டார். அடுத்த சனிக்கிழமை ஃப்ராங்க்குடன் கழகத்துக்குப் போனார். துப்பாக்கியைக் கையில் வாங்கியதும், சுடும்போது இது கைக்குள் எந்தப் பக்கம் திரும்பப் பார்க்கிறது என்று விசாரித்தாராம். அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று ஃப்ராங்க் அவரையே சுடச் சொன்னார். போனது கைப்பிடிக்காக, தங்கிவிட்டது சுடுவதற்காக.

கைப்பிடியை எங்கள் லேபில்தான் செய்தார். பல் அச்சு எடுக்கும் பசையை ஒரு வாளி நிறையக் கரைத்து, ஒரு கட்டையைப் பிடித்த நிலையிலேயே ஃப்ராங்க்கின் கையை அதற்குள் விடச் சொன்னார். கையை மட்டும் உருவச் சொல்லி, அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, இறுகியதும் உள்ளே இருந்த கட்டையை உருவி, மூடிய கை ஒன்றை எடுத்தார். பிறகு வால்நட் மரம். கடிபடும் இடத்தைக் காட்டுவதற்காக நாங்கள் பற்களுக்கு நடுவே வைக்கும் நீலத் தாளை, மரத்துக்கும் ஃப்ராங்க்கின் உள்ளங்கைக்கும் நடுவே வைத்தார். அழுத்திப் பிடித்தால், மரம் எங்கெல்லாம் மேடாக இருக்கிறதோ அங்கெல்லாம் நீலம் படியும். அந்த மேட்டை மட்டும் சீவுவார். மறுபடி நீலத் தாள். மறுபடி சீவல்.

"என்ன மேடம், துப்பாக்கிக்கு ரூட் கெனாலா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏனுங்க டாக்டர், நீங்க போட்ட கிரவுன் போன மாசம் கழண்டு வந்துச்சே, அந்தம்மாவுக்கு நாந்தான் மறுபடி ஒட்டி உட்டேன். இது கழலாதுங்க. பாத்துக்குங்க."

ஃப்ராங்க் ஒவ்வொரு முறையும் நன்றாக இருக்கிறது, போதும் என்பார். இவர் விடமாட்டார். "வாய் சொல்றதை நம்பாதீங்க, நீலத்தைப் பாருங்க" என்பது எங்கள் கிளினிக்கில் நோயாளிகளைப் பற்றி அவர் சொல்லும் வார்த்தை. அதையே இந்த விஷயத்திலும் சொன்னார். கடைசியில் ஒருநாள், நீலம் எங்கும் மேடாகத் திரளாமல், கை முழுவதும் ஒரே சீராகப் படிந்தது. அன்றைக்குத்தான் மரத்துக்கு எண்ணெய் பூசினார். இறக்கும்வரை ஃப்ராங்க் அந்தக் கைப்பிடியோடுதான் சுட்டார்.

அவர் இறந்த பிறகு அவருடைய பிள்ளைகள் ரிவால்வரைக் கழகத்துக்கே கொடுத்தார்கள். கழகத்தின் செயலாளர் வால்டர் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, அருகே ஓர் அட்டையில் விவரம் எழுதினார். ரிவால்வரைச் செய்த நிறுவனம், ஏறக்குறைய எந்தக் காலம், யாருடையது. கடைசி வரியில், "கைப்பிடி: லார்கின், ஓஹாயோ." லார்கின் என்பவர் அந்தக் காலத்தில் இலக்குத் துப்பாக்கிகளுக்குக் கைப்பிடி செய்து பெயரெடுத்தவர். வால்டர் பல ஆண்டுகளாக லார்கினைப் பற்றித் தகவல் திரட்டிக்கொண்டிருந்தவர். இதுவரை யாரும் அறியாத ஒரு லார்கின் கைப்பிடி தன் கழகத்திலேயே இருந்திருக்கிறது என்பது அவருக்குப் பெருமை.

அட்டையைப் பார்த்த வசந்தாமணி, திங்கட்கிழமை லேபில் என்னிடம் சொன்னார்.

"செயலாளர்கிட்டச் சொன்னேனுங்க, அது நான் செஞ்சதுன்னு."

"என்ன சொன்னார்?"

"ரொம்ப மரியாதையாத்தான் பேசுனாரு. நீங்க ரிப்பேர் பண்ணிக் குடுத்திருப்பீங்க, அதை நெனச்சுட்டுச் சொல்றீங்கன்னாரு. உள்ளாற செஞ்சவரோட மார்க்கே இருக்குதாமா."

"நீங்க மார்க் ஏதாவது போட்டீங்களா?"

"நான் எதுக்குங்க மார்க் போடறேன்? போடவே இல்லை." கையுறையை மாட்டப் போனவர் நிறுத்தினார். "ஃப்ராங்க் ரெண்டு ஜோடி வெச்சிருந்தாரோ என்னமோ. நான் செஞ்சது வேறயாட்ட இருக்குது. போச்சாது விடுங்க."

நான் போய்ப் பேசுகிறேன் என்றேன். "வேண்டாங்க டாக்டர். நீங்க பேசிட்டு வந்துருவீங்க. நான் அங்க இன்னும் போய்ச் சுடோணும்" என்றார். அந்தப் பதிலுக்கு மேல் எனக்கு அங்கே வேலை இல்லை. அவர் உயிரோடு இருந்தவரை நான் கழகத்துக்குப் போகவில்லை.

அவர் இறந்த பிறகு வால்டரே நித்யாவைத் தொலைபேசியில் அழைத்து ஆறுதல் சொன்னார். உன் அம்மாவுக்கு அந்த ரிவால்வர் மேல் தனிப் பிரியம், அது டெக்சஸில் ஒரு கண்காட்சிக்குப் போகிறது, லார்கினைப் பற்றிய என் கட்டுரையும் உடன் போகிறது, அனுப்புவதற்கு முன் வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போ என்றார். அன்பாகத்தான் சொன்னார். நித்யா உடனே என்னை அழைத்தாள்.

எங்கள் லேபின் மேல்தட்டில், நோயாளிகளின் பிளாஸ்டர்த் தாடைகள் வரிசையாக இருக்கும். வசந்தாமணி எதையும் தூக்கி எறியமாட்டார். தாடைகளை நகர்த்திப் பார்த்தேன். பின்னால் ஒரு பிளாஸ்டர்க் கை இருந்தது. துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

ஃப்ரீவேயில் நித்யாதான் வண்டி ஓட்டினாள். மலைச்சரிவுக்குப் பிரியும் தடத்துக்கு மாறினாள். பிறகு, "அங்கிள், ஃபர்ஸ்ட் அம்மா ரொம்ப ஷ்யூரா இருந்தாங்க. தென் ஷி வாஸன்ட். என்கிட்ட கேட்டாங்க, நித்யா, ஃப்ராங்க் தாத்தாவுக்கு நான் ஒண்ணு செஞ்சேனே, ஞாபகம் இருக்கான்னு. நான் அப்ப காலேஜ்ல இருந்தேன். ஐ டிட்ன்ட் நோ வாட் டு ஸே" என்றாள்.

"இன்னிக்குத் தெரிஞ்சுடும்" என்றேன்.

"தெரிஞ்சா என்ன பண்ணப்போறோம்?"

"அட்டையை மாத்தப்போறோம்."

வால்டர் எங்களை எழுந்து நின்று வரவேற்றார். காப்பி கொடுத்தார். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் முகம் சுளிக்கவில்லை. டாக்டர் மணி முன்பே இதைச் சொன்னார், நினைவுக் குழப்பம் யாருக்கும் வரக்கூடியது என்றார். ஐயம் தீரட்டும் என்று கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். கைப்பிடி என்பது இரண்டு மரப் பாதிகள். ஒரே ஒரு திருகாணி இரண்டையும் இறுக்கிப் பிடிக்கிறது. அதைக் கழற்றி, இடப் பாதியை விளக்கின் கீழே திருப்பிக் காட்டினார். உள்பக்க மரத்தில், சிறிதாக, ஆங்கில ‘எல்’ எழுத்துப் போல ஒரு வெட்டு. "லார்கின்" என்றார்.

மறு பாதியைக் காட்டுங்கள் என்றேன். அதில் அதே எழுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் வலமிடம் மாறி இருந்தது. எழுத்து வெட்ட வைக்கும் அச்சுத் தகட்டை யாரோ பின்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டார்கள் என்று வால்டர் விளக்கம் சொன்னார். தன் கட்டுரையில் இதற்கென ஒரு பத்தியே எழுதியிருப்பதாகவும் சொன்னார்.

நான் அவருடைய மேசையிலிருந்த இலக்குத் தாள் ஒன்றைப் புரட்டி, பின்பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டேன். எங்கள் கல்லூரியில் பற்களை இப்படித்தான் குறிப்போம். கூட்டல் குறி வாயை நான்காகப் பிரிக்கிறது; நோயாளியின் இடது, எதிரே நிற்கும் எங்களுக்கு வலது. மேலே இடப்புறம் என்றால் அந்தக் கால்பகுதியின் மூலையை மட்டும் போடுவோம். அது பார்ப்பதற்கு ‘எல்’ போலவே இருக்கும். மேலே வலப்புறம் என்றால் அதற்கு எதிர் மூலை. திருப்பிப் போட்ட ‘எல்’. இந்த நாட்டுக் கிளினிக்குகளில் அப்படிச் செய்வதில்லை. ஒன்று முதல் முப்பத்திரண்டு வரை எண் சொல்வார்கள். இங்கே லைசன்ஸ் வாங்க நாங்கள் அந்த எண்களை மனப்பாடம் செய்தோம். வசந்தாமணியும் செய்தார். வாய் எண்ணைச் சொல்லும். கை மூலையைப் போடும். அவருடைய நோயாளிகளின் பிளாஸ்டர் மாடல்கள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. வால்நட் கட்டையை இரண்டாகப் பிளந்தபோது, இடது வலது மாறிவிடாமல் இருக்க, பல் தோண்டும் ஊசியால் மூலையைக் கீறியிருக்கிறார். அது அவருக்கு முத்திரை அல்ல. நாம் எழுதும்போது புள்ளி வைப்பதுபோல ஒன்று. புள்ளி வைத்ததை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? மார்க் போடவில்லை என்று அவர் சொன்னது முழு உண்மை.

வால்டர் தாளை மரப் பாதிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது பல் மருத்துவர் ஒருவரின் குறியாக இருக்கலாம். அவருடையதுதான் என்று எப்படிச் சொல்வது?" என்றார். நல்ல கேள்வி. நான் அதை மதிக்கிறேன். அதே கேள்வியை அவர் லார்கினைப் பற்றிக் கேட்டுக்கொண்டதே இல்லை.

துண்டைப் பிரித்து, பிளாஸ்டர்க் கையை மேசைமேல் வைத்தேன். கைப்பிடியின் இரு பாதிகளையும் சேர்த்துத் திருகாணியை இறுக்கி, அந்த மூடிய கைக்குள் மேலிருந்து இறக்குங்கள் என்று அவரிடமே கொடுத்தேன். மரம் பாதி வழியில் ஒருமுறை தயங்கியது. வால்டர் அதைச் சற்றே சாய்த்தார். பிறகு அது தானாகவே இறங்கி அமர்ந்தது. மோதிர விரல் மடிந்திருந்த இடத்தில், மரத்தில் அதே அளவுக்குப் பள்ளம். ஒரு தாளைக்கூட நடுவே நுழைக்க இடமில்லை.

வால்டர் உட்கார்ந்தார். அந்த விரலை, பிளாஸ்டரில், தன் விரலால் தொட்டார். பல ஆண்டுகள் ஃப்ராங்க்குக்குப் பக்கத்துத் தடத்தில் நின்று சுட்டவர் அவர். "இது ஃப்ராங்க்" என்றார்.

நித்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வால்டர் புதிய அட்டை ஒன்றை எடுத்து, "கைப்பிடி: உள்ளூர்ப் பல் மருத்துவர் ஒருவர்" என்று எழுதி என் பக்கம் நகர்த்தினார். நான் அதைத் திரும்ப நகர்த்தினேன். பெயர் வேண்டும் என்றேன். ‘டாக்டர் மணி’ என்று போடலாமா, இங்கே எல்லோரும் அப்படித்தான் அழைத்தோம் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நித்யா, "நோ" என்றாள். "தட் வாஸ் ஃபார் யுவர் கன்வீனியன்ஸ்." பிறகு தாயின் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். வால்டர் ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். முதல் வரியில் இடம் போதவில்லை. கடைசி எழுத்துகளைப் பொடியாக நெருக்கி எழுதினார். பெரிய அட்டையாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எடுத்துக்கொண்டார். கட்டுரையில் லார்கின் கைப்பிடி பற்றிய பகுதியை எங்கள் முன்னாலேயே குறுக்குக் கோடிட்டு அடித்தார்.

வாசல்வரை வந்து வழியனுப்பியவர், "நான் அவரிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டேன்" என்றார்.

"ஆமாம். அதனால்தான் அவர் உங்களை நம்பினார்" என்றேன்.

இதை வாசிக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வால்டர் கெட்டவர் அல்ல. நம் கூட்டத்தில் மைக்கை வாங்கியவரும் கெட்டவர் அல்ல. ஒருவர் வசந்தாமணியின் கைவேலையை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்தார். மற்றவர் அந்தக் கைவேலை இருந்ததே தெரியாமல் பார்த்துக்கொண்டார். இருவரும் தாழ்ந்த குரலில், புன்னகையோடுதான் செய்தார்கள். பொறுமைசாலி என்று ஒருவரைப் புகழ்வதற்குமுன், அவர் எதையெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்று ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது.

அவருடைய பொறுமையை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அது எனக்கு ஒத்துவராது. நான் வைத்துக்கொண்டிருப்பது, "நான் செஞ்சது வேறயாட்ட இருக்குது" என்ற அந்த ஒரு வாக்கியத்தை. தன் கை செய்ததைத் தன் கை செய்யவில்லையோ என்று சந்தேகப்பட்டபடியே அவர் போய்விட்டார். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் விடை என்னிடம் இருக்கிறது. கேட்க வேண்டியவர் இல்லை. விடையைக் கொடுக்க இடமில்லாததால் சந்தேகத்தையே நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அது தூங்காமல் இருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

ரிவால்வர் டெக்சஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. உங்களில் பலருக்கு ஹூஸ்டனிலும் டல்லஸிலும் உறவினர்கள் இருக்கிறார்கள். கண்காட்சி நடக்கும் இடத்தை நித்யாவிடம் கேட்டால் சொல்வாள். யாராவது போனால் அட்டையின் கடைசி வரியைப் பாருங்கள். வசந்தாமணி என்ற பெயரில் ஓர் எழுத்துக் குறைந்திருந்தாலும் எனக்குச் சொல்லுங்கள். நான் போகிறேன்.